காய்ச்சல் இல்லை, தீனியும் குறையவில்லை, ஆனால் குதிரை இருமுகிறது: என்ன செய்யலாம்?

நிலாவெளியில் உல்லாசப் பயணிகளின் சவாரிக்காக எட்டு வயதுப் பெண் குதிரை ஒன்றை வைத்திருக்கிறீர்கள். மூன்று வாரமாக அது நாளுக்கு ஐந்தாறு தடவை வறட்டு இருமல் இருமுகிறது. அதுவும் பெரும்பாலும் வைக்கோல் தின்னும்போதும் ஓட்டம் தொடங்கும்போதும். உடம்பு சுடவில்லை, மூக்கு ஒழுகவில்லை, தீனி குறையவில்லை, இரண்டு போத்தல் பாணி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை என்று எழுதி, இனி ஊசி போடவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்தபோது ஊசியைவிட வேறு இரண்டு கேள்விகளே உங்களை உறுத்துவதாக எனக்குப் பட்டது: இப்படியே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்தா, அதுவரை சவாரிக்கு விடலாமா. அந்த இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, திருகோணமலை மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி மாடும் எருமையும் ஆடும்தான்; குதிரைகளோடு நெருங்கிப் பழகியது நுவரெலியாவில் இருந்த நான்கு வருடத்திலும், பிறகு இங்கே வந்து வாய்த்த சிலவற்றிலும் மட்டுமே. உங்கள் குதிரையைக் கண்ணால் பார்க்காமலும் அதன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்காமலும் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

நிச்சயமாகத் தெரிந்தது இது. குதிரை இலகுவில் இருமுகிற பிராணி அல்ல. மூச்சுக்குழலில் அழற்சியும் சளியும் உள்ள குதிரைகளில் பல இருமாமலே காலம் தள்ளிவிடும். ஆகையால் இருமல் இல்லை என்பதைக் கொண்டு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப இருமுகிற குதிரையின் மூச்சுப்பாதையில் அனேகமாக ஏதோ ஒன்று இருக்கவே செய்யும். தடிமன் வந்து போன பின் நமக்கு ஒரு மாதம் இருமல் இழுபடுவதை நாம் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கணக்கைக் குதிரைக்குப் போடக் கூடாது. 450, 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை சும்மா நிற்கும்போதே ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 5 லீற்றர், நிமிடத்துக்கு 60 லீற்றர் அளவில் காற்றை இழுக்கிறது; முழு வேகத்தில் ஓடும்போது அது 1,500 லீற்றரைத் தாண்டும். வாயால் மூச்சுவிட அதற்கு இயலாது, மூக்கு ஒன்றே வழி. கொட்டிலில் மிதக்கும் தூசு முழுவதும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

உடம்பு சுடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கையால் தொட்டுப் பார்த்தீர்களா, வெப்பமானி வைத்தீர்களா என்று எழுதவில்லை. இதை நான் விடாப்பிடியாகக் கேட்பதற்குக் காரணம் என்னுடைய ஒரு பிழை. கந்தளாய்ப் பக்கம் ஒரு குதிரை இருமுகிறது என்று அழைத்தார்கள். காய்ச்சல் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, இது தூசு இருமல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வெப்பமானியோடு போனபோது 39.8 பாகை செல்சியஸ். நெஞ்சறைக்குள் நீர் கட்டத் தொடங்கியிருந்தது. நான்கு நாளுக்கு முன் மலைநாட்டிலிருந்து லொறியில் தலையை உயர்த்திக் கட்டி, எட்டுப் பத்து மணி நேரம் கொண்டுவந்திருக்கிறார்கள். தலையைத் தாழ்த்த முடியாத குதிரையால் மூச்சுக்குழலில் சேரும் சளியையும் கிருமியையும் வெளியே தள்ள முடியாது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அந்தக் குதிரை தப்பியது என்றாலும், முதல் நாளே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அது அவ்வளவு துன்பப்பட்டிருக்காது.

ஆகவே மருந்துக்கடைக்குப் போனால் பாணி மருந்துக்குப் பதிலாக ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். அதன் முனையில் ஒரு நூலைக் கட்டி, குதிரையின் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் உடம்போடு ஒட்டி நின்று, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 37.2 முதல் 38.3 பாகை வரை இயல்பானது; 38.5ஐத் தாண்டினால் காய்ச்சல் என்றே எடுக்க வேண்டும். வெயிலில் நின்ற குதிரையும் ஓடி வந்த குதிரையும் சூடாகத்தான் இருக்கும் என்பதால், விடிந்ததும் ஒரு தடவை, மாலையில் நிழலில் நன்றாக ஆறவிட்டு ஒரு தடவை பாருங்கள். அதே நேரத்தில் விலா ஏறி இறங்குவதை எண்ணி மூச்சையும், கீழ்த்தாடையின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடியையும் குறியுங்கள். ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரையும், நாடி 28 முதல் 44 வரையும் இருக்கும். நம் ஊர் வெக்கையில் பகலில் மூச்சு கூடும். விடியற்காலையிலும் 20க்கு மேல் நின்றால் அது கவனிக்க வேண்டிய எண். சில குதிரைகளுக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்த காலநிலையில் வியர்ப்பதே நின்றுபோய், சூட்டைத் தணிக்க வேகமாக மூச்சு வாங்கும். வேலை செய்த பின்னும் தோல் உலர்ந்து கிடக்கிறதா என்று அதற்காகவும் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

இந்த எண்களில் ஒன்று பிசகினாலும், அல்லது தடித்த மஞ்சள் சளி, கெட்ட வாடை வீசும் மூச்சு, தாடைக்குக் கீழ் வீக்கம், நடக்க மறுத்து முழங்கையை வெளியே தள்ளி நிற்பது, தின்றதோ குடித்ததோ மூக்கால் திரும்பி வருவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தாலும், இந்தப் பதிலின் மிகுதியை வாசிப்பதை விட்டுவிட்டு அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அருகில் உள்ள வேறு குதிரையும் இருமத் தொடங்கினால் அதைத் தொற்று என்றே எடுங்கள். குதிரைச் சளிக்காய்ச்சல் வைரசு உடம்பில் புகுந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் காய்ச்சலையும் வறட்டு இருமலையும் காட்டிவிடும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மிக வேகமாகப் பரவும். நீங்கள் ஒரே ஒரு குதிரை வைத்திருப்பதாலும் மூன்று வாரமாகியும் காய்ச்சல் இல்லை என்பதாலும் இப்போது அது பரவிக்கொண்டிருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் இருமல் தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு சிறு காய்ச்சல் வந்து போயிருந்து, இப்போது மிஞ்சி நிற்பது அதன் வால்தான் என்பதை நான் முற்றாக மறுக்க மாட்டேன். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் உள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நம் நாட்டில் மனிதருக்கு வருவது, குதிரைக்கும் வரக்கூடியது; விட்டுவிட்டுக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து தெரிந்தால் அதையும் வைத்தியருக்கு நினைவூட்டுங்கள். உங்கள் விவரத்தில் அந்தச் சாயல் இல்லை.

எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்தால், நீங்கள் எழுதியதிலிருந்து ஒன்றைத்தான் நான் தெரிவு செய்ய வேண்டும் என்றால், இலேசான குதிரை ஆஸ்துமா என்பேன். நாம் தொய்வு, முட்டு என்று சொல்கிறோமே, அதன் உறவு இது. முன்பு இதற்குப் பல பெயர்கள் இருந்தன. 2016இல் நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது எல்லாவற்றையும் ஆஸ்துமா என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இலேசான வகையில் காய்ச்சல் இராது, நிற்கும்போது மூச்சு இயல்பாக இருக்கும், தீனி எடுக்கும்; தின்னும்போதோ ஓட்டத்தின் தொடக்கத்திலோ சில இருமலும், வேலையில் கொஞ்சம் சோர்வும் மட்டுமே தெரியும். கடுமையான வகை வழக்கமாக ஏழு வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் வருவது; நிற்கும்போதே மூக்குத்துவாரம் விரியும், ஒவ்வொரு மூச்சையும் வயிற்றால் தள்ளித் தள்ளி, நாளடைவில் விலாவின் கீழ் ஒரு தசைக்கோடு எழும்பி நிற்கும். இலேசானது முற்றித்தான் கடுமையானதாக மாறுகிறதா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆகையால் இன்று இப்படி இருமுகிற குதிரை நாளைக்கு இழுக்கும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். எட்டு வயது என்பதால் விலாவை மட்டும் அடிக்கடி பாருங்கள்.

இரண்டு வகைக்கும் தூண்டுகோல் ஒன்றுதான்: காய்ந்த தீனியிலும் படுக்கையிலும் இருந்து எழும் நுண்ணிய தூசு, அதில் உள்ள பூஞ்சண வித்துகள், இறந்த பற்றீரியாக்களின் நச்சுப் பொருள், சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா. இங்கேதான் நம் ஊர் வழக்கங்கள் குதிரைக்கு எதிராக வேலை செய்கின்றன. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் அறுவடை முடிந்ததும் மலிவாகக் கிடைக்கிறது என்று வைக்கோலை மொத்தமாக வாங்கி, கொட்டிலின் ஒரு பக்கத்திலேயே அடுக்கி, படங்கால் மூடி வைக்கிறோம். ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழையில் அந்தக் கட்டுகள் உள்ளே ஈரம் பிடித்துச் சூடேறும்; பிரித்தால் வெள்ளையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பறக்கும். மாடு அதைத் தின்று பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளாது. அதனால் நமக்கு அது பழுதாகத் தெரிவதில்லை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்து, மிஞ்சியது தூளாகக் கிளம்பும். அடியில் உமி பரப்பியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஒரு கட்டை வெயிலில் பிடித்து உதறிப் பாருங்கள். புகைபோல ஏதாவது எழும்பினால், அல்லது மூக்கருகே கொண்டுபோகும்போது உங்களுக்கே தும்மல் வந்தால், அந்த வைக்கோலை மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும்: மாலையில் நுளம்புக்குப் புகை போடுகிறீர்களா? ஈர வைக்கோலும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவது நம் மாட்டுக் கொட்டில்களில் பரம்பரை வழக்கம், நல்ல நோக்கத்தோடு செய்வது. நெருக்கமாகச் சுவர் எழுப்பிய குதிரைக் கொட்டிலில் அந்தப் புகை இரவு முழுவதும் தங்கி நிற்கும். பூஞ்சண வைக்கோலும் புகையும் சேர்ந்த கொட்டிலில் கட்டியிருந்த ஒரு குதிரைக்கு, இருமல் என்று கேள்விப்பட்டதும் அன்டிபயோட்டிக் ஊசி ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தவன் நானே. குறையவில்லை என்றதும் வேறொன்றை எழுதினேன். மூன்றாவது தடவை போனபோது இருட்டிவிட்டது. அந்த மூட்டத்துக்குள் நின்று எனக்கே இருமல் வந்த பிறகுதான் புத்தி வந்தது. புகையை நிறுத்தி, வைக்கோல் அடுக்கை அப்புறப்படுத்தி, பச்சைப் புல்லுக்கு மாற்றியபின் ஐந்தாவது வாரத்தில் இருமல் நின்றது. நுளம்புக்கு வலையோ, ஒரு மின்விசிறியோ போதும்.

உங்கள் கொட்டிலில் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலை அல்ல. முடிந்தவரை அன்றன்று வெட்டிய கினிப் புல்லைக் கொடுங்கள். கோ-3 புல்லும் கலந்து கொடுக்கலாம். தீனியை மாற்றுவதை ஏழு பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இருமலை விட்டு வயிற்றுவலியில் போய் நிற்பீர்கள். வைக்கோல் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கட்டைப் பிரித்துச் சாக்கில் போட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி அரை மணி நேரம் வைத்து, வடியவிட்டு, ஈரம் காயுமுன் கொடுங்கள். மேலே தண்ணீர் தெளிப்பது போதாது. நம் வெக்கையில் நனைத்த வைக்கோல் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். தவிட்டையும் நனைத்தே வையுங்கள்.

தீனியை வலையில் கட்டி மூக்கு மட்டத்தில் தொங்கவிடாமல் கீழே வையுங்கள். தலை தாழ்ந்து தின்னும்போது சளி தானாக வடியும். தூசும் மூக்கைச் சூழாது. நிலாவெளி மணலில் நேரடியாகக் கொட்டினால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்க் குடலில் படியும், ஆகவே அகன்ற வாய்த் தொட்டியை அல்லது றப்பர் விரிப்பை நிலத்தில் வைத்து அதில் போடுங்கள். கொட்டில் கூட்டும்போது குதிரையை வெளியே கட்டி, கூட்டி முடித்து ஒரு மணி நேரமாவது கழித்து உள்ளே விடுங்கள். நீங்கள் குனிந்து, குதிரை படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் படுக்கையை மாற்றும் நாள் தாண்டிவிட்டது. பகலிலும் இரவிலும் மர நிழலில் திறந்த வெளியில் நிற்கவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் மேய்ச்சலில் நிற்கும்போதே கூடுகிற ஒரு வகை ஆஸ்துமா இருக்கிறது, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் நன்கு அறியப்பட்டது. வெளியே விட்டபின் இருமல் கூடினால் அதைப் பிடிவாதமாகத் தொடராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மற்றபடி பலனை நாள் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். அழற்சி அடங்க மூன்று நான்கு வாரம் வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் பழைய வைக்கோலைக் கொடுத்தாலும் பல நாள் முன்னேற்றம் கெட்டுவிடக்கூடும்.

குதிரை எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். மன்னாரிலும் கற்பிட்டியிலும் கழுதைகள் திரிகின்றன. குதிரை அந்தப் பக்கத்திலிருந்து வந்ததானால், அல்லது கழுதையோடு ஒரே புல்லில் மேய்ந்திருந்தால், நுரையீரல் புழுவையும் கணக்கில் எடுக்க வேண்டும். கழுதை அந்தப் புழுவைச் சுமந்துகொண்டு ஒன்றும் காட்டாமல் திரியும்; குதிரைக்கோ மாதக் கணக்கில் இருமல் வரும். குதிரையின் உடம்பில் அந்தப் புழு பெரும்பாலும் முழு வளர்ச்சி அடைவதில்லை, ஆகையால் அதன் சாணத்தைப் பரிசோதித்துப் புழு இல்லை என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. ஐவர்மெக்டின் அதற்குக் கேட்கும். ஆனால் குதிரைக்கென்று வரும் வாய்வழிப் பசையை, எடைக்கு ஏற்ற அளவில், வைத்தியர் சொன்ன பிறகு கொடுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடுவதை நான் அனுமதிக்க மாட்டேன். ஊசி போட்ட இடத்தில் கடுமையான தொற்று வந்த வரலாறு உண்டு.

இனி ஊசிக்கு வருகிறேன். காய்ச்சலும் சளியும் இல்லாத இந்த இருமலுக்கு அன்டிபயோட்டிக் தேவை என்று சொல்ல நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. தேவையில்லாமல் கொடுப்பது வெறும் வீண்செலவோடு நிற்பதுமில்லை. லிங்கோமைசின் போன்றவை குதிரையின் பெருங்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே கொண்டுபோகும் வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடியவை. இருமலை அடக்கும் மனித மருந்துகளையும் நிறுத்துங்கள். சளியை வெளியேற்ற அதற்கு இருமலும் வேண்டும். ஆடாதோடை கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது, ஆகவே அதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ள மாட்டேன். குதிரைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்கு நம்பத்தக்க அளவு என்னிடம் இல்லை. சினைப்பட்டிருக்க வாய்ப்பு இருந்தால் அந்த இலை வேண்டவே வேண்டாம், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி இந்த அழற்சியை உண்மையிலேயே அடக்கும், சில குதிரைகளுக்கு அது தேவைப்படும். ஆனால் உள்ளே தொற்று இருந்தால் அதை வளர்த்துவிடும், சில குதிரைகளில் குளம்பழற்சிக்கும் வழிவகுக்கும் என்பதால், நெஞ்சைப் பரிசோதித்த வைத்தியரின் கையால்தான் அது போகவேண்டும். தூசு அப்படியே இருக்க ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், மருந்து நின்ற பின் இருமல் திரும்பும்.

சவாரி பற்றி: வெப்பநிலையும் விடியற்கால மூச்சும் இயல்பாக உள்ள நாட்களில், பாரம் குறைந்த ஒருவரை ஏற்றிக் கடலோரத்து இறுகிய ஈர மணலில் அரை மணி நேரம் நடக்கவிடுவதில் தவறில்லை. ஓட்டமும், கால் புதையும் காய்ந்த மணலும் வேண்டாம். காய்ச்சல் என்று ஒருநாள் கண்டால், ஒவ்வொரு காய்ச்சல் நாளுக்கும் ஒரு வாரம் என்ற கணக்கில், குறைந்தது மூன்று வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும். பருவ நாட்களில் அது உங்களுக்கு வருமான இழப்பு என்பது தெரியும். இருந்தாலும் அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் இருமல் குறையாவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும். உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியர் மூக்கில் ஒரு பையைக் கொஞ்ச நேரம் பிடித்து, குதிரையை ஆழமாக மூச்சிழுக்கச் செய்து நெஞ்சைக் கேட்பார். இலேசான வகையில் அப்போதும் எல்லாம் இயல்பாகக் கேட்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் எண்டோஸ்கோப் என்ற, மூக்கு வழியாகச் செலுத்தி உள்ளே பார்க்கும் நீண்ட குழாயால் மூச்சுக்குழலைப் பார்த்து, நுரையீரலைச் சிறிது உப்பு நீரால் கழுவி எடுத்து, அதில் உள்ள கலங்களை எண்ண வேண்டும். அதற்குப் பேராதனையில் உள்ள மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப இயலுமா என்று அவரிடமே கேளுங்கள். கொண்டுபோவதானால் லொறியில் தலையை உயர்த்திக் கட்டாமல், சில மணிக்கு ஒரு தடவை நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். வைத்தியர் வருமுன் ஒரு கொப்பியில் காலை மாலை வெப்பநிலை, மூச்சு, எத்தனை இருமல், எந்த நேரத்தில், அன்று என்ன தின்றது என்பவற்றை எழுதி வையுங்கள். விடியற்காலையில் குதிரை அமைதியாக நிற்கும்போது அதன் மூக்கை ஒரு நிமிடமும் விலாவை ஒரு நிமிடமும் கைபேசியில் படம்பிடித்து வையுங்கள். வைத்தியர் வந்து நிற்கும் வேளையில் பெரும்பாலான குதிரைகள் ஒருதரம்கூட இருமாது.